தண்ணீர் குடிக்காத மைக்ரோபைபர் துவாய்: கழுவுவதும் மீட்பதும்

காரைக் கழுவி முடித்து, பொனட்டின் மேல் துவாயை விரித்து இழுக்கிறீர்கள். தண்ணீர் துவாயில் ஏறவில்லை. முன்னால் தள்ளுண்டு ஓடுகிறது, பின்னால் மெல்லிய கோடுகள் நிற்கின்றன. கொழும்பில் இந்த நிலைக்கு வந்த துவாய் வழக்கமாக எஞ்சின் துடைக்கப் போகும், இல்லையென்றால் குப்பைக்குப் போகும். பல நேரங்களில் அந்தத் துவாய் தேய்ந்திருக்காது, அடைபட்டிருக்கும். இழைகளுக்குள் அடைத்திருப்பது என்ன என்று தெரிந்தால் அதை வெளியே எடுக்கலாம். தெரியாமல் வினாகிரியையும் சலவைச் சோடாவையும் ஒன்றாக ஊற்றி ஊறவைத்தால் ஒன்றை மற்றது முறித்துவிடும், துவாய் அப்படியே இருக்கும்.

இழை எப்படி வேலை செய்கிறது

நல்ல கார்த் துவாயின் இழை பொலியெஸ்டரும் பொலியமைடும் சேர்ந்தது. பொதியில் 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்று போட்டிருப்பது அந்தக் கலவையைத்தான். தோடம்பழத்தைக் குறுக்கே வெட்டினால் சுளைகள் தெரியுமல்லவா, அதேபோல ஒவ்வோர் இழையும் ஆலையிலேயே பல சுளைகளாகப் பிளக்கப்பட்டிருக்கும். 16 சுளை என்பது வழக்கமான அமைப்பு. ஒரு இழையை 9000 மீற்றர் நீளத்துக்கு எடுத்தாலும் 1 கிராம் வராது, அவ்வளவு மெல்லியது. அழுக்கைப் பிடிப்பது சுளைகளின் விளிம்பு. தண்ணீரைத் தாங்குவது பெரும்பாலும் சுளைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி.

அந்த இடைவெளி அடைபட்டால் நீர் ஏறாது. விளிம்பின் மேல் படலம் மூடினால் அழுக்கு ஒட்டாமல் வழுக்கும். விளிம்பே உருகி உருண்டையானால் பெயின்ட் கீறும். முதல் இரண்டையும் சரிசெய்யலாம், மூன்றாவதைச் சரிசெய்ய முடியாது. இனி வரும் எல்லாமே இந்த மூன்றையும் ஒட்டியவை.

நம் வீட்டு வழக்கங்களில் எவை கெடுக்கின்றன

கட்டிச் சவர்க்காரம் தேய்த்து, சீமெந்துக் கல்லில் அடித்துத் துவைப்பது பருத்திச் சாரத்துக்குச் சரி, மைக்ரோபைபருக்கு ஆகாது. கல்லிலிருந்து உதிரும் மணல் இழைக்குள் புகுந்து உட்கார்ந்துவிடும். அடுத்த முறை அதே மணலைத்தான் கதவின் மேல் தேய்ப்பீர்கள். கட்டிச் சவர்க்காரம் உண்மையான சவர்க்காரம். கல்சியம் உள்ள நீரில் அது பசை போன்ற வெள்ளைப் படிவாக மாறி இழைகளில் தங்கும். தும்புப் பிரஷ் வேண்டவே வேண்டாம், தும்புத் துண்டுகள் முள் போலக் குத்திக்கொண்டு நிற்கும்.

வாசனைக்கும் மென்மைக்கும் கடைசி அலசலில் ஊற்றும் துணி மென்மையூட்டி எல்லாவற்றையும்விடக் கெட்டது. துணியின் மேல் கொழுப்புப் படலம் ஒன்றைப் பூசுவதே அதன் வேலை. பருத்தி மிருதுவாகும், மைக்ரோபைபர் ஊமையாகும். மென்மையூட்டி கலந்தே விற்கப்படும் சலவைத் திரவங்களும் உண்டு, லேபிளைப் படித்து அவற்றைத் தவிருங்கள்.

குளோரின் வெளுப்புத் திரவம் பொலியமைடை அரிக்கும். வெள்ளைத் துவாய் என்றாலும் போடாதீர்கள். இஸ்திரிப் பெட்டியை அருகில்கூடக் கொண்டுவராதீர்கள்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு வருவதும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதுமான கொழும்புக் குழாய் நீர் மென்மையானது. துவாய் கழுவ நல்ல நீர். புறநகரில் கிணற்று நீரோ குழாய்க் கிணற்று நீரோ பாவிப்பவர்கள் வாளியின் அடியில் செம்மஞ்சள் கறை படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் நீரில் இரும்பு இருக்கிறது, துவாய்க்கும் அதே கறை ஏறும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரில் நாலைந்து முறை கழுவிய துவாய் அப்பளம் போல விறைப்பதற்குக் கல்சியமே காரணம்.

வேலை முடிந்த உடனே செய்ய வேண்டியது

துவாயைக் காயவிடாதீர்கள். பொலிஷும் வெக்ஸும் காய்ந்து இறுகிய பிறகு எடுப்பதற்கு நாலு மடங்கு பாடுபட வேண்டியிருக்கும். காரின் பக்கத்திலேயே ஒரு வாளியில் 5 லீற்றர் நீரும் 5 மில்லிலீற்றர் மென்மையூட்டி இல்லாத சலவைத் திரவமும் கலந்து வையுங்கள். 5 மில்லிலீற்றர் என்பது ஒரு தேக்கரண்டி. பாவித்த துவாய் நேரே அதற்குள் போகட்டும். ஆனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதில் கிடக்க வேண்டாம். கொழும்பின் வெக்கையில் இரவு முழுக்க ஊறினால் மணம் பிடித்துவிடும்.

பிரிப்பதும் இந்த இடத்திலேயே நடக்க வேண்டும். பெயின்டைத் தொடும் துவாய்களை, அதாவது உலர்த்துபவை, பொலிஷ் எடுப்பவை, இறுதி மினுக்கத்துக்குரியவை ஆகியவற்றை, ஒன்றாகக் கழுவலாம். கண்ணாடித் துவாய்களைத் தனியே வையுங்கள். டாஷ்போர்ட், ஆசனம் துடைத்தவை இன்னொரு கூட்டம். ரிம், டயர், எஞ்சின் துடைத்தவற்றுக்கு வாளிகூட வேறாக இருக்கட்டும். பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கிறது, டயர் மினுக்கியில் சிலிக்கோன் இருக்கிறது. இரண்டும் ஒரு துவாயிலிருந்து மற்றதற்குத் தாராளமாகத் தாவும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம் என்று வாங்கிவிட்டால் உதவிக்கு வரும் பையனுக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பருத்தித் துணி எதையும் இவற்றோடு சேர்க்காதீர்கள். அதன் பஞ்சு முழுவதையும் மைக்ரோபைபர் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தரையில் விழுந்த துவாய் இனிப் பெயின்டைத் தொடக்கூடாது. கழுவிய பிறகும் ரிம்முக்கோ கதவு இடுக்குக்கோ இறக்கிவிடுங்கள். ஒரு மணல் பருக்கை போதும், பெயின்டின் மேலுள்ள தெளிவான பூச்சான கிளியர் கோட்டில் நீளக் கோடு விழும்.

வழக்கமான கழுவல்

கையால் கழுவுவோருக்கு 10 லீற்றர் வாளியும் 40 பாகை செல்சியஸ் நீரும் தேவை. வெப்பமானி இல்லையென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கொழும்பில் குழாய் நீர் ஏறத்தாழ 28 பாகையில் வரும். 8.3 லீற்றர் குழாய் நீரை முதலில் ஊற்றி, அதன் மேல் 1.7 லீற்றர் கொதிநீர் சேர்த்தால் 40 பாகைக்குப் பக்கத்தில் வரும். கொதிநீரை முதலில் ஊற்றினால் பிளாஸ்டிக் வாளி நெளியும், கையும் சுடும்.

40க்கு 40 சென்றிமீற்றர் அளவுள்ள பத்துத் துவாய்களுக்கு 10 மில்லிலீற்றர் சலவைத் திரவம் போதும். நுரை வரவில்லையே என்று இன்னும் ஊற்றத் தோன்றும், ஊற்றாதீர்கள். அதிகம் போட்ட திரவம் அலசலில் முழுதாகப் போகாது, அதுவே அடுத்த அடைப்பு. சலவைத் தூளைவிடத் திரவம் நல்லது. தூளில் கரையாமல் மிஞ்சும் நுண்துகள்கள் இழைகளில் தங்கும். 15 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு துவாய்களை ஒன்றோடொன்று முகம் பார்க்க வைத்து மெதுவாகக் கசக்குங்கள். பிழிந்து முறுக்க வேண்டாம், உள்ளங்கைகளுக்கு நடுவில் அழுத்தி நீரை எடுங்கள்.

மூன்று முறை அலசுங்கள். மூன்றாவது அலசல் நீரில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள். நுரை ஐந்து விநாடிக்குள் அடங்கினால் சரி. நின்றுகொண்டிருந்தால் நாலாவது அலசல் தேவை. இந்தச் சின்னச் சோதனையைச் செய்பவர்களுக்குக் கண்ணாடியில் கோடு விழும் தொல்லை பெரும்பாலும் வராது.

மெஷினில் போடுவதானால் முதலில் மென்மையூட்டி ஊற்றும் அறையைக் கழற்றிச் சுடுநீரில் கழுவுங்கள். வீட்டு உடுப்புக்குப் போட்டது அதில் ஒட்டியிருக்கும். 350 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீற்றருக்கு 350 கிராம் உள்ள, அதே அளவுத் துவாய் ஒன்று காய்ந்த நிலையில் 56 கிராம். இருபது போட்டாலும் ஒரு கிலோவை அவ்வளவாகத் தாண்டாது. 7 கிலோ மெஷினில் இருபது முதல் இருபத்தைந்து துவாய் தாராளமாகப் புரளும். செயற்கை இழைக்குரிய சுற்று, 40 பாகை, 20 மில்லிலீற்றர் திரவம், கூடுதல் அலசல் ஒன்று. பாத்திரம் கழுவும் திரவத்தை மெஷினில் ஊற்றாதீர்கள், நுரை பொங்கி வெளியே வரும். பஞ்சு வடியில் சேர்வதைக் கானில் தட்டாமல் குப்பைக் கூடையில் போடுங்கள். அது பஞ்சல்ல, நுண்பிளாஸ்டிக்.

புதுத் துவாயையும் ஒருமுறை இப்படிக் கழுவிய பிறகே பாவியுங்கள். கரை மடிப்பில் தைத்திருக்கும் லேபிளை வெட்டிவிடுங்கள், அதன் மூலை கீறும்.

என்ன அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தல்

துவாய் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத் துவாயில் எந்தச் சோதனையும் பொய் சொல்லும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வாங்கும் ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை ஒருமுறை கழுவிப் பாவிக்காமல் வைத்திருங்கள். பின்னால் எத்தனையோ சந்தேகத்தை அது தீர்க்கும்.

துவாயை மேசையில் விரித்து ஒரு சொட்டு நீர் விடுங்கள். நல்ல துவாயும் முதல் சொட்டைச் சற்றுத் தயங்கியே ஏற்கும், ஐந்து விநாடி கொடுங்கள். அதற்குப் பிறகும் சேம்பிலையில் நிற்பது போலச் சொட்டு உருண்டு நின்றால் மேலே எண்ணெய்ப் படலம் இருக்கிறது: மென்மையூட்டி, வெக்ஸ் அல்லது சிலிக்கோன். நீர் ஏறுகிறது, ஆனால் துவாய் விறைப்பாக இருக்கிறதென்றால் தாதுப் படிவு. வெதுவெதுப்பான வெறும் நீரில் போட்டுக் கசக்கும்போது நுரை வந்தால் பழைய சலவைத் திரவம் மிச்சம். இது மிக இலேசான நோய்.

வெப்பத்தால் கெட்டதா என்று பார்க்க உலர்ந்த உள்ளங்கையில் தேயுங்கள். நல்ல துவாய் தோலின் சொரசொரப்பில் கொக்கி போட்டது போலப் பிடிக்கும். பிடிக்காமல் வழுக்கினால் படலம். சொரசொரவென்று உரசினால் இழை நுனி உருகியிருக்கலாம். உறுதி செய்துகொள்ள வேண்டாத சீடி ஒன்றின் மினுங்கும் பக்கத்தில் மிதமாக அழுத்திப் பத்து முறை தேயுங்கள். கீறல் விழுந்தால் அந்தத் துவாய் இனிப் பெயின்டுக்கு ஆகாது. எதில் ஊறவைத்தும் பயனில்லை.

மீட்கும் முறை

வரிசை முக்கியம். எண்ணெயை எடுக்கும் காரம் முதலில், தாதுவை எடுக்கும் அமிலம் பிறகு. எண்ணெய்ப் படலம் மூடியிருக்கும்போது அமிலம் உள்ளே போகாது. இரண்டையும் சேர்த்து ஊற்றினால் பொங்கி அடங்கிவிடும், வாளியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்பு நீர்.

சலவைத் திரவ மிச்சத்துக்கு மருந்து வெறும் நீர்தான். 40 பாகை நீரில் எதுவும் சேர்க்காமல் பத்து நிமிடம் ஊறவைத்துக் கசக்கி, போத்தல் சோதனையில் நுரை ஐந்து விநாடிக்குள் அடங்கும்வரை நீரை மாற்றுங்கள். நாலைந்து தடவை ஆகலாம்.

மென்மையூட்டிக்கும் வெக்ஸுக்கும் 60 பாகை நீர் வேண்டும். 10 லீற்றருக்கு 5.6 லீற்றர் குழாய் நீரும் 4.4 லீற்றர் கொதிநீரும். அதில் 20 மில்லிலீற்றர் பாத்திரம் கழுவும் திரவமும் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் கரையுங்கள். இரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். 45 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தடியால் கிளறிவிடுங்கள். நீர் மங்கலாகப் பால்போல மாறினால் வேலை நடக்கிறது. கார்னோபா வெக்ஸ் உருகுவது 80 பாகைக்கு மேலே. ஆகவே சூடு மட்டும் அதைக் கரைக்காது, சோடாவும் திரவமும் சேர்ந்தே பெயர்த்தெடுக்க வேண்டும். அதற்காக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம், பானையின் அடியில் படும் துவாய் கெடும். முழுதாக அலசி, உலர்த்தி, மறுபடி சொட்டுச் சோதனை செய்யுங்கள். பல மாதம் மென்மையூட்டியில் தோய்ந்த துவாய் ஒரே சுற்றில் தெளியாது. இரண்டு, சிலநேரம் மூன்று சுற்று கொடுங்கள். மூன்றாவது சுற்றிலும் சொட்டு உருண்டு நின்றால் அது அநேகமாகச் சிலிக்கோன். அந்தத் துவாயை டயருக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பெயின்டின் கீறல்களைத் தேய்த்தெடுக்கும் பசையான கொம்பவுண்ட் காய்ந்து கட்டியான இடங்களை ஊறவைப்பதற்கு முன் தனியாகக் கவனியுங்கள். பலபயன் துப்புரவுத் திரவத்தை ஒன்றுக்குப் பத்து என்று நீர் கலந்து அந்த இடத்தில் தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு, பழைய மென்மையான பல்பிரஷால் இழை படுத்திருக்கும் திசைக்கு எதிராகத் தடவுங்கள். கொம்பவுண்டில் இருப்பது அலுமினியம் ஒக்சைட் போன்ற தேய்ப்புத் துகள். அது முழுதாகப் போகாத துவாயால் இறுதி மினுக்கம் செய்தால், மணிக்கணக்கில் எடுத்த வட்டக் கீறல்களை நீங்களே திரும்பப் போடுகிறீர்கள்.

தாதுப் படிவுக்கு 5 லீற்றர் நீரில் 25 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது மட்டமாக இரண்டு மேசைக்கரண்டி. கிடைக்காவிட்டால் 250 மில்லிலீற்றர் நிறமற்ற வினாகிரி. சமையலறையிலிருக்கும் தென்னை வினாகிரி சில மஞ்சளாகவும் வண்டலோடும் இருக்கும், அதைச் சம்பலுக்கு விட்டுவிடுங்கள். 30 நிமிடம் போதும். பிறகு இரண்டு முறை அலசுங்கள். இலேசான இரும்புக் கறையும் சிட்ரிக்கில் மங்கும். கொழும்புக் குழாய் நீரில் கழுவுவோருக்கு இந்த ஊறவைப்பு அடிக்கடி தேவைப்படாது. விறைப்புத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

வெளுப்புத் திரவம் இருந்த வாளியில் வினாகிரியையோ சிட்ரிக்கையோ ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மணம், மழைக்காலம், உலர்த்தல்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, அதன் பின் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை. இந்த மாதங்களில் கொழும்பில் துவாயைக் கெடுப்பது அழுக்கைவிட ஈரம்தான். மணம் பிடித்த துவாயை 60 பாகை நீரில் சலவைத் திரவத்தோடு 30 நிமிடம் ஊறவைத்து, அலசி, மேலே சொன்ன வினாகிரிக் கலவையில் இன்னொரு 30 நிமிடம் வையுங்கள். கரும்புள்ளிப் பூஞ்சை பிடித்திருந்தால் மணம் போகும், புள்ளி நிற்கும். அதை உள்ளறை வேலைக்கும் எடுக்காமல் ரிம்முக்கு இறக்குங்கள்.

உலர்த்தப் போடுமுன் ஒவ்வொன்றையும் இரண்டு மூலையைப் பிடித்துப் பலமாக ஐந்தாறு முறை உதறுங்கள். படுத்த இழை எழும்பும். தடித்த உலர்த்தும் துவாய்க்கு இது கட்டாயம். நிழலும் காற்றும் உள்ள இடம் சிறந்தது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிவீடுகளில் கடல் பக்கப் பல்கனியில் போட்டால் உப்புக் காற்று படியும், காலி வீதிப் பக்கம் போட்டால் புகையும் தூசியும். இரண்டையும்விட, ஓர் அறையில் நைலோன் கயிறு கட்டிக் கீழே ஒரு நிலமின்விசிறி வைப்பது நல்லது. கம்பிக் கொடி வேண்டாம், துருக் கோடு விழும். உலர்த்தி மெஷின் இருந்தால் ஆகக் குறைந்த வெப்பத்தில் அல்லது வெப்பமே இல்லாமல் ஓடவிடுங்கள். பெற்றோலோ தின்னரோ மண்ணெண்ணெயோ பட்ட துவாயைக் கழுவிய பிறகும் அதற்குள் போடக்கூடாது, தீப்பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று நடுவில் தொட்டுப் பார்த்தால் ஏமாறுவீர்கள். கரை மடிப்பைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், கடைசியாகக் காய்வது அதுதான். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம். முழுதாகக் காய்ந்ததும் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். கார் டிக்கிக்குள் திறந்தபடி வைத்தால், கழுவியதெல்லாம் ஒரு வாரத்தில் வீண்.

இறக்கும் வரிசை

பெயின்டுக்கு ஆகாத துவாய் கதவு இடுக்குக்கு, அங்கிருந்து ரிம்முக்கு, பிறகு எஞ்சினுக்கு, கடைசியில் சங்கிலிக்கும் கிறீஸுக்கும். இறக்கும்போதெல்லாம் ஒரு மூலையை வெட்டிவிடுங்கள்: ஒரு மூலை போனால் இடுக்கு, இரண்டு போனால் ரிம், மூன்று போனால் எஞ்சின். நிறம் மங்கினாலும் இந்த அடையாளம் மாறாது. இறங்கிய துவாய் மறுபடி மேலே ஏறக்கூடாது, எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும்.

பெயின்டின் மேல் பூசும் பாதுகாப்புத் திரவமான செராமிக் கோட்டிங் துடைத்த துவாய்க்கு இந்த வரிசையில் இடமில்லை. அந்தத் திரவம் இழையின் மேல் கண்ணாடி போல இறுகும், எந்த ஊறவைப்புக்கும் இளகாது, கழுவினால் கூட இருக்கும் துவாய்களையும் சந்தேகத்துக்குள்ளாக்கும். கோட்டிங் வேலைக்கு மலிவான துவாய்களைத் தனியே வாங்கி, வேலை முடிந்ததும் காய்வதற்குள் நீரில் நனைத்து, பையில் கட்டி அன்றைக்கே எறிந்துவிடுங்கள்.